வாடகை மென்பொருளின் பழைய ஏற்பாடு

வணிக மென்பொருள் இணையத்துக்கு மாறிய கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக 1999இல் ஆரம்பிக்கிறார்கள். ஆரக்கிள் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த மார்க் பெனியாஃப், சான்பிரான்சிஸ்கோவின் டெலிகிராஃப் ஹில்லில் ஒரு அடுக்குமாடி வீட்டை எடுத்து, மூன்று நிரலாளர்களோடு சேல்ஸ்ஃபோர்ஸைத் தொடங்கினார். குறுந்தகடுகள் போயின, பிரவுசர் வந்தது, மாதச் சந்தா வந்தது. எல்லாம் இணையத்தின் கொடை என்று கதை முடியும். இதில் காலமும் பிசகு, காரணமும் பிசகு. மென்பொருளை வாடகைக்கு எடுப்பது கணினித் தொழிலின் மிகப் பழைய வழக்கம்; விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டது நடுவில் வந்த முப்பது ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தை முடித்துவைத்ததில் இணையத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: மென்பொருள் ஓடாவிட்டால் நட்டம் யாருடையது?

அமெரிக்க நிறுவனங்கள் கணினியோடு பழகியதே பெரும்பாலும் வாடகைக்காரர்களாகத்தான். ஐபிஎம் தன் இயந்திரங்களை விற்கவே செய்யாது; வாடகைக்கு மட்டுமே கொடுக்கும். விற்கவும் வேண்டும் என்று அதைக் கட்டாயப்படுத்தியது அமெரிக்க அரசோடு அது 1956இல் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாடு. இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கவும் வசதியில்லாதவர்கள் வேலையையே வெளியே கொடுத்தார்கள். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ஹென்றி டாப் 1949இல் தொடங்கிய நிறுவனம் (இன்றைய ஏடிபி) பிற கம்பெனிகளின் சம்பளப் பட்டியலைப் போட்டுக் கொடுத்தே வளர்ந்தது. கணினி அதன் கைக்கு வந்தது பிற்பாடுதான். 1961இல் எம்ஐடியின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணினியும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக ஆகலாம் என்றார். அவர் வெறும் கனவு காணவில்லை. 1965இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் நேரப் பகிர்வுச் சேவையை வணிகமாகவே நடத்தத் தொடங்கியது. டைம்ஷேர் போன்ற நிறுவனங்களும் களத்தில் இறங்கின. வாடிக்கையாளரின் அலுவலகத்தில் ஒரு டெலிடைப், அதிலிருந்து ஒரு தொலைபேசி இணைப்பு, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம். பிரவுசர் என்ற ஒன்றைத் தவிர, பிற்காலத்தில் புதுமை என்று கொண்டாடப்பட்டவற்றில் பெரும்பகுதி அப்போதே இருந்தது.

அந்தத் தொழில் தேய்ந்ததற்குக் காரணம் விலை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-8 கணினி 1965இல் 18,000 டாலருக்கு வந்தது; பின்னால் தனிநபர் கணினி வந்தது. மேசைமேல் சொந்தக் கணினி இருக்கும்போது மணிக்கணக்கில் வாடகை எதற்கு? இதற்கிடையே, அதுவரை இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்துவந்த மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக 1969 ஜூனில் ஐபிஎம் அறிவித்தது. மென்பொருள் ஒரு சரக்கானது அதன் பிறகுதான். ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐந்து ஜெர்மானியர்கள் 1972இல் தொடங்கிய எஸ்ஏபி, 1992இல் ஆர்/3 என்ற மென்பொருளை வெளியிட்டு இந்தச் சரக்கு யுகத்தை அதன் உச்சிக்குக் கொண்டுபோனது. உரிமத்துக்குப் பெருந்தொகை, நிறுவித்தர ஆலோசகர்களுக்கு அதைவிடப் பெருந்தொகை, அதன் பிறகு ஆண்டுதோறும் உரிம விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய பராமரிப்புக் கட்டணம். இதைச் ‘சொந்தம்’ என்று சொன்னதே கொஞ்சம் வேடிக்கைதான். உரிமம் விற்ற பணம் விற்றவரின் கணக்கில் ஏறிவிடும். ஓடவில்லை என்றால் தலைவலி வாங்கியவருக்கு. 1999இல் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிய மென்பொருள் அமைப்பை நிறுவியது. ஹாலோவீன் நெருங்கியபோது சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அதனால் அனுப்ப முடியவில்லை. கிடங்கில் மிட்டாய் இருந்தது. அதைக் கடைகளுக்கு அனுப்பும் கணக்கு சிக்கிக்கொண்டது.

இந்த நிலையில் இணையம் வந்தது, எல்லாருக்கும் ஒரே சமயத்தில். இந்த ஒற்றுமையே ஆராயத் தக்க சான்று. 1998இல் மேரிலாண்டின் அனாபொலிஸில் தொடங்கிய யுஎஸ்இன்டர்நெட்வொர்க்கிங் என்ற நிறுவனம், பீப்பிள்சாஃப்ட், சீபெல் போன்ற பெரிய மென்பொருள்களைத் தன் சர்வர்களில் ஓட்டி, இணையம் வழியாக மாத வாடகைக்குக் கொடுத்தது. சேல்ஸ்ஃபோர்ஸும் இணையம் வழியாக, ஒரு பயனருக்கு மாதம் 50 டாலர் அளவில் கொடுத்தது. அதே கம்பி, அதே பிரவுசர், அதே வாடகை. முன்னது 2002 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது; பின்னது 2004 ஜூனில் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது. வித்தியாசம் உள்ளே இருந்தது. முன்னது சாப்பிட வருபவர் ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு மூட்டியது. பின்னது ஒரே உலையில் சமைக்கும் மெஸ் நடத்தியது. சேல்ஸ்ஃபோர்ஸின் எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே நிரலைத்தான் பயன்படுத்தினார்கள். தரவுகளுக்கு மட்டுமே தடுப்பு. பிழையை ஒரு முறை திருத்தினால் எல்லாருக்கும் திருந்தும். புதிய பதிப்பு எல்லாருக்கும் சேர்ந்தே வரும். யாரோ எழுதிய மென்பொருளை வாங்கி ஓட்டியவர்களிடம் இது நடக்காது. வாடகைக்காரருக்கும் எழுதியவருக்கும் நடுவில் தரகர்களாக நின்ற அவர்கள், பொறுப்பை ஏற்றார்களே தவிர, அதை நிறைவேற்றும் கருவி அவர்கள் கையில் இல்லை.

டாட்காம் சரிவில் எத்தனையோ நிறுவனங்கள் அழிந்தன, இதுவும் அதில் ஒன்று என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் அதே சரிவுக் காலத்தில் சேல்ஸ்ஃபோர்ஸின் ஆண்டு வருமானம், 2001 ஜனவரியில் முடிந்த நிதியாண்டின் சுமார் 54 லட்சம் டாலரிலிருந்து, 2004இல் 9.6 கோடி டாலராக உயர்ந்தது. பணமுடைக் காலத்தில் பெரிய முதலீட்டுக்கு அனுமதி கிடைக்காத விற்பனை மேலாளர், மாதச் செலவுக் கணக்கிலேயே சந்தா கட்டிவிடலாம். சரிவு அவர்களுக்குச் சாதகமாகவே போனது. விளம்பரத்தின் வெற்றி என்று சிலர் சொல்வதற்கும் அடிப்படை இல்லாமலில்லை. 2000 பிப்ரவரியில் சீபெல் நிறுவனத்தின் பயனர் மாநாட்டு வாசலில் கூலிக்கு நடிகர்களை அமர்த்தி, ‘மென்பொருள் ஒழிக’ என்று போலி ஆர்ப்பாட்டம் நடத்தியவர் பெனியாஃப். மென்பொருள் விற்றுக்கொண்டே மென்பொருளை ஒழிக்கக் கோருவது நல்ல நாடகம். ஆனால் நாடகம் முதல் மாதச் சந்தாவைத்தான் வாங்கித் தரும். பதின்மூன்றாம் மாதச் சந்தாவை வாங்கித் தராது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நட்டம் விற்பவர் தலைக்கு மாறியது என்பது உண்மையானால், சேல்ஸ்ஃபோர்ஸே ஏன் சில ஆண்டுகளில் மாதக் கணக்கை விட்டு, ஆண்டு ஒப்பந்தம், முன்பணம் என்று மாறியது? 2013இல் அடோபி தன் வரைகலை மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டும் என்று ஆக்கியபோது யாருக்கு லாபம்? இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுமையின் ஒரு பகுதியை விற்பவர்கள் நைசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்; தரவு முழுவதும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்ட வாடிக்கையாளர் எளிதில் வெளியேறவும் முடியாது. ஆனாலும் சுமை பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. 2005 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் சேவை பல மணி நேரம் படுத்தபோது, அது ஒரு வாடிக்கையாளரின் சர்வர் அறைக்குள் முடிந்துபோகும் சங்கதியாக இருக்கவில்லை, செய்தியானது. அடுத்த ஆண்டிலிருந்து அந்த நிறுவனம் தன் சேவையின் நிலையைத் தினமும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டது. உரிமம் விற்ற காலத்தில் இப்படி ஓர் அறிக்கை வெளியிட விற்பவருக்குத் தேவையே இருந்ததில்லை.

சென்னைக்கு இதில் இடம் கிடைத்ததும் இதே மாற்றத்தால்தான். பழைய முறையில் மென்பொருளை விற்க, வாங்குபவரின் ஊரிலேயே மாதக்கணக்கில் ஆலோசகர்கள் தங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவில் சிறிய நிறுவனத்தின் கணக்கு தீர்ந்துவிடும். நிறுவும் வேலையே இல்லாமல் போனபோது தூரமும் தடையாக இல்லாமல் போனது. 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் சகாக்களும் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2005இல் ஜோஹோ சேவைகளை வெளியிட்டது. 2009இல் அந்தப் பெயரையே சூடிக்கொண்டது. அங்கே பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையை எட்டியது. இதில் கவனிக்க ஒன்று உண்டு. உலகெங்கும் மென்பொருளை வாடகைக்கு விடும் ஜோஹோ, அமேசானிடம் சர்வரை வாடகைக்கு எடுக்காமல், சொந்தத் தரவு மையங்களை நடத்துகிறது.