ஒரே தெரு, இரண்டு வீட்டு வரி

பென்ஷன் வாங்கி, சொந்த வீட்டில் இருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கவலை உண்டு. வீட்டின் விலை ஏறுகிறது, அதோடு வரியும் ஏறுகிறது; வருமானம் மட்டும் ஏறுவதில்லை. ஏறிய விலை காசாக வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். விற்றுவிட்டு எங்கே போய்க் குடியிருப்பது?

இந்தக் கவலை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1978ஆம் ஆண்டு ஒரு மக்கள் கிளர்ச்சியாகவே வெடித்தது. அது தொடங்கிய விதம் வேடிக்கையானது. லஞ்சத்தை ஒழிக்கச் செய்த ஒரு சீர்திருத்தமே அதற்கு வித்திட்டது.

1960களின் நடுப்பகுதி வரை அங்கே வீட்டுக்கு மதிப்புப் போடும் அதிகாரிகள், குடியிருக்கும் வீடுகளுக்குச் சந்தை விலையை விட மிகக் குறைவாகவே மதிப்புக் குறித்துவந்தார்கள். சட்டத்தில் அப்படி இல்லை, வழக்கத்தில் இருந்தது. அந்த இருட்டில் லஞ்சமும் புகுந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மதிப்பீட்டு அதிகாரியே லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றார். உடனே 1966இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: எல்லாச் சொத்துக்கும் ஒரே அளவுகோல், சந்தை விலையில் 25 சதவீதம். கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு, காகிதத்தில் இதைவிட நேர்மையான உத்தரவு இருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஏழை எளிய வீட்டுக்காரர்களை அதுவரை காத்துவந்த எழுதப்படாத சலுகையும் அதோடு போயிற்று.

1970களில் விலைவாசி எகிறியது. வீட்டு விலை அதைவிட வேகமாக எகிறியது. மறுமதிப்பீடு வரும் ஆண்டில் வரி ஒரேயடியாகத் தாவியது. மாநில அரசின் கஜானாவிலோ உபரிப் பணம் குவிந்து கிடந்தது. சட்டசபை பேசிக்கொண்டே இருந்ததே தவிர, காலத்தில் நிவாரணம் தரவில்லை.

அப்போதுதான் ஹோவர்ட் ஜார்விஸ் என்ற முதியவரின் குரல் எடுபட்டது. 1903இல் பிறந்தவர், ஓய்வு பெற்ற தொழிலதிபர். பல ஆண்டுகளாக வரிக்கு எதிராக மனுக்கள் தயாரித்துத் தோற்றவர். பால் கான் என்பவரோடு சேர்ந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். 1978 ஜூன் 6ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். அதுதான் புகழ்பெற்ற 13ஆம் எண் தீர்மானம்.

அது சொன்னது சுருக்கமானது. வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பை 1975ஆம் ஆண்டு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பை உயர்த்தக் கூடாது. வீடு கைமாறினால் மட்டும் அன்றைய விலைக்குப் புதிதாக மதிப்பிடலாம்.

ஒரே ஆண்டில் சொத்து வரி வசூல் பாதிக்கும் கீழே இறங்கியது. வீட்டை இழந்துவிடுவோமோ என்று பயந்திருந்த முதியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதைச் சிறிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். 1975இல் 50,000 டாலர் மதிப்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதே உரிமையாளர் இருந்தால், 1988இல் சந்தை விலை எங்கே போயிருந்தாலும், வரிக்கான மதிப்பு 65,000ஐத் தாண்டாது. பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்குபவரோ சந்தை விலை முழுவதற்கும் வரி கட்ட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் என்ற பெண்மணிக்கு இதுதான் நேர்ந்தது. 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். ஆண்டு வரி சுமார் 1,700 டாலர். அதே போன்ற வீட்டில் பழைய காலத்திலிருந்து குடியிருந்தவர்கள் 360 டாலருக்குள் கட்டினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992இல், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, தீர்மானம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வாங்கும்போதே வரி என்னவென்று தெரிந்துதானே வாங்குகிறார்கள் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று.

வேறு விளைவுகளும் வந்தன. ஏழைக் கிழவியின் வீட்டுக்குக் கிடைத்த அதே உச்சவரம்பு பெரிய கம்பெனிகளின் கட்டடங்களுக்கும் கிடைத்தது. வாடகை குறையும் என்று குடித்தனக்காரர்களுக்கு நம்பிக்கை தந்தார்கள். அது பொய்த்ததும் லாஸ் ஏஞ்சலஸ் உட்படச் சில நகரங்கள் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. பள்ளிகளும் நகராட்சிகளும் பணத்துக்கு மாநிலத் தலைநகரை நோக்கிக் கையேந்தின. 1986இல், பெற்றோரின் வீட்டோடு பழைய வரி மதிப்பும் பிள்ளைக்குப் போகலாம் என்றார்கள். அதாவது வரிச் சலுகையே பரம்பரைச் சொத்தாயிற்று. 2020இல்தான், பிள்ளை அந்த வீட்டில் குடியிருந்தால் மட்டும் என்று அதைச் சுருக்கினார்கள்.

வேறு வழியே இல்லாமல் போகவில்லை. விஸ்கான்சின் மாநிலம் 1964லேயே, வருமானத்துக்கு மிஞ்சி வீட்டு வரி கட்டும் முதியவர்களுக்கு அரசே ஒரு பகுதியை ஈடுகட்டும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. அங்கே பார்த்தது கட்டுபவரின் சக்தியை. கலிஃபோர்னியா பார்த்தது கிரயம் ஆன தேதியை.

ஜார்விஸின் கோபத்தில் நியாயம் இருந்தது. வயதான காலத்தில் வரிக்காக ஒருவர் வீட்டை விற்கக் கூடாது. ஆனால் பெரியவர்களைக் காக்கக் கட்டிய சுவர், வீடு தேடி வந்த இளையவர்களை வெளியே நிறுத்திவிட்டது. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. வரிக்கு உச்சவரம்பு வேண்டும் என்று நாம் கேட்கும்போது, குறைகிற பாக்கியை யார் கட்டப்போகிறார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.