கமரா நின்ற இடம்

1967 ஜூலை 28ஆம் திகதியிட்ட 'லைஃப்' சஞ்சிகையின் அட்டைப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தெருவில் இரத்தம் தோய்ந்து கிடக்கும் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் படம் அது. இடம், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள நியூவார்க் நகரம். எடுத்தவர் பட் லீ என்ற இளம் புகைப்படக் கலைஞர்.

அம்மாதம் 12ஆம் திகதி கறுப்பின டாக்ஸிச் சாரதி ஒருவரைப் பொலிஸார் கைதுசெய்து தாக்கியதையடுத்து மூண்ட கலவரம் 26 உயிர்களைப் பலிகொண்டது. 15ஆம் திகதி, சூறையாடப்பட்ட மதுக்கடையிலிருந்து பியர் எடுத்துக்கொண்டு ஓடிய 24 வயது இளைஞன் ஒருவனைப் பொலிஸார் சுட்டுக் கொன்றனர். அதே வேட்டின் சன்னங்களே அச்சிறுவனையும் தைத்தன. சிறுவன் உயிர் தப்பினான். இளைஞனை உயிரோடும், பின்னர் வீழ்ந்து கிடந்த நிலையிலும் லீயின் கமரா பதிவுசெய்தது. 'கொள்ளைக்காரன்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்து போயிருக்கக்கூடியவனுக்கு அதனால் ஒரு முகம் கிடைத்தது.

ஆனால் இம்மக்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பதை அந்தப் படம் சொல்லுமா? இக்கேள்வியோடுதான் அக்காலப் பத்திரிகைகளின் நிலையை நான் தேடிப் பார்த்தேன்.

34 பேர் பலியான 1965 ஆகஸ்ட் வாட்ஸ் கலவரத்தின்போது, 'லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' பத்திரிகையில் கறுப்பினச் செய்தியாளர் ஒருவர்கூட இருக்கவில்லை. விளம்பரப் பிரிவில் சிற்றூழியராக இருந்த ரொபர்ட் ரிச்சட்சன் என்ற கறுப்பின இளைஞரே உள்ளே சென்று, தொலைபேசி வழியாகச் செய்தி கொடுத்தார். வாட்ஸ் செய்திகளுக்காக 1966இல் புலிட்சர் பரிசு அப்பத்திரிகைக்குக் கிடைத்தது. ஊர் பற்றி எரிந்த பிறகுதான் அங்குள்ள மனிதர்களை அறிந்த ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்! ஊடகங்கள் வெள்ளையரின் உலகத்திலிருந்தே வெளியே பார்க்கின்றன என்று 1968இல் கேர்னர் ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. செய்தித்துறையில் கறுப்பினத்தவர் 5 வீதத்திலும் குறைவு என்றும் அது சுட்டிக்காட்டியது.

'லைஃப்' சஞ்சிகையின் முதலாவது கறுப்பினப் புகைப்படக் கலைஞரான கொர்டன் பார்க்ஸ் இதற்கு வேறொரு வழியில் விடை தேடினார். கறுப்பின மக்கள் ஏன் கலகம் செய்கிறார்கள் என்ற கேள்வி அவரிடம் வந்தபோது, எரியும் தெருக்களை அவர் நாடிச் செல்லவில்லை. நியூயோர்க்கின் ஹார்லெமில் ஓர் ஏழைக் குடும்பத்தோடு குளிர்கால நாட்களைக் கழித்தார். வேலையற்ற தந்தை, குளிர் உறையும் அறை, பசியில் சுவர்ச் சாந்தைத் தின்ற குழந்தை. 1968 மார்ச்சில் வெளியான அப்படங்களில் துப்பாக்கியுமில்லை, தீயுமில்லை.

லீயின் படத்தைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. அது இல்லையேல் அந்தச் சூடு வெறும் வதந்தியாகவே போயிருக்கலாம். எனினும் எரிந்த நாட்களின் படங்களை மட்டுமே நாம் சேமித்து வைத்தால், அம்மக்கள் வரலாற்றில் ஓடுபவர்களாகவும் வீழ்பவர்களாகவும் மட்டுமே எஞ்சுவர். லீயின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், பார்க்ஸின் படங்களையும் அருகில் வைத்துப் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டது அதனால்தான்.