திரிகடுகும் ஈரலும்

சளியும் இருமலும் கண்டவிடத்துக் கல்முனைக்குடி இல்லங்களில் முதலில் அடுப்பேறுவது கசாயமே. அதிற் சேரும் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றுக்கும் திரிகடுகு என்பது பெயர். சித்தரும் ஆயுள்வேதியரும் இதனைப் பிற மருந்துகளோடு கூட்டிக் கொடுத்தனர். யூனானி ஹக்கீம்களும் மிளகையும் திப்பிலியையும் போற்றினர். கூட்டிய மருந்து வலிமை பெறுவானேன்? அவ்வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி ஈரலில் மறைந்திருந்தது.

உண்ட மருந்து குடலிலிருந்து குருதி வழியே முதலில் ஈரலையே சென்றடைகின்றது. அங்குள்ள நொதியங்கள் அதனை அயற்பொருளாகக் கொண்டு மாற்றி, உடலைவிட்டு வெளியேற வழி செய்கின்றன. வைத்தியர் குறிக்கும் அளவு இவ்விழப்பையும் கருதியதேயாம்.

மிளகின் காரப்பொருளாகிய பைப்பரீனை 1819ஆம் ஆண்டில் டென்மார்க்கு அறிஞர் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். ஆயினும் அதன் மறைதொழில் விளங்க நெடுங்காலம் சென்றது. ஆடாதோடையின் சத்தாகிய வாசிசீனைத் திப்பிலியுடன் கொடுத்தால் குருதியில் அதன் அளவு மிகுவதை, 1981இல் ஜம்முவின் ஆய்வாளர் அடல் குழுவினர் வெளியிட்டனர். பைப்பரீன் ஈரல் நொதியங்களைத் தடுக்கின்றது என்பதை 1985இல் அவர்களே காட்டினர். 1998இல் பெங்களூர் ஆய்வொன்றில், மஞ்சளின் குர்குமின் 2 கிராமுடன் 20 மில்லிகிராம் பைப்பரீன் சேர, உடல் ஏற்ற குர்குமின் 20 மடங்காயிற்று. 2009இல் இந்தியாவில் வெளிவந்த காசநோய்க் குளிசையொன்றில், பைப்பரீனின் துணையால் றிபாம்பிசின் 450 மில்லிகிராமிலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

மருந்தைச் சிக்கனப்படுத்தும் இவ்வாற்றலே தீங்கும் இழைக்கக்கூடும். நாள்தோறும் 20 மில்லிகிராம் பைப்பரீனை ஏழு நாள் உண்டோரிடம், இரத்த அழுத்தத்துக்குரிய புரொப்பிரனலோலும் ஆஸ்துமாவுக்குரிய தியோபிலினும் குருதியில் உயர்ந்து நின்றதை 1991இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தியோபிலின் அளவு மிஞ்சின் வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் உண்டாகும். கடுமையாயின் வலிப்பும் காணும்.

கறிக்கிடும் சிறிதளவு மிளகு வேறு. நாள்தோறும் பருகும் செறிந்த கசாயம் வேறு. வைத்தியசாலைக் குளிசையையும் பரிசாரியின் கசாயத்தையும் ஒருங்கே கொள்ளும் முதியவர், ஒன்றை மற்றவரிடம் மறைத்தலாகாது. வைத்தியர் இருவராயினும் ஈரல் ஒன்றே அன்றோ!