தூதரகத்தில் சீருடை

அயல்நாட்டுத் தூதரகத்தில் தங்கி, அந்நாட்டுப் படைகளின் நிலையை வெளிப்படையான வழிகளில் அறிந்து தாய்நாட்டுக்கு எழுதும் படையதிகாரிக்கு இராணுவ அட்டாஷே என்று பெயர். அமெரிக்கா 1882-இல் கடற்படை அதிகாரி பிரெஞ்ச் சாட்விக்கை லண்டனுக்கு அனுப்பி, 1889-இல் தரைப்படை அதிகாரிகளையும் ஐரோப்பியத் தலைநகரங்களில் அமர்த்தியது; ஆயினும் விருந்துச் செலவைத் தம் கையிலிருந்து போடக்கூடியவர்களே அப்பணியை எளிதில் ஏற்க முடிந்ததால், பயிற்சியைவிடச் சொத்தே தகுதியாயிற்று எனலாம். 1961-இல் பாதுகாப்பு உளவு முகமை அமைந்து, முப்படை அட்டாஷேக்களும் அதே பத்தாண்டில் அதன்கீழ் வந்தபின் பொதுப் பயிற்சி வேரூன்றியது.

அப்பயிற்சியில் வாழ்க்கைத்துணைக்கும் இடம் கிடைத்தது இயல்பே. ஏனெனில் விருந்து மேசையில் எந்நாட்டுத் தளபதியை யாருக்கு அருகில் அமர்த்துவது என்பது வெறும் உபசாரமன்று, பதவி வரிசையையும் நாடுகளிடையே உள்ள பகையையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் கணக்கு. தம் வீட்டுச் சுவர்களுக்கும் செவியுண்டு என்று கருதிப் பேசும் பழக்கமும் இருவருக்கும் வேண்டியிருந்தது. இத்தனை உழைப்புக்கும் துணைவியருக்குச் சம்பளமில்லை. அது மட்டுமன்று, அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளின் பணிமதிப்பீட்டில் மனைவியரின் நடத்தையையும் குறித்துவந்த வழக்கத்தை 1972-இல்தான் நிறுத்தியது.