ராஸ் தீவின் இரண்டு கிளப்புகள்

இங்கே தமிழ்ச் சங்க விழாக்களில் முன்வரிசை நாற்காலிக்கு நடக்கும் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தமானின் ராஸ் தீவு ஞாபகம் வரும்.

ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்தத் தீவுதான் 1942 வரை ஆங்கிலேயரின் கைதிக் குடியேற்றத்துக்குத் தலைமையிடம். அத்தனை சின்ன இடத்தில் இரண்டு கிளப்புகள்! பெரிய அதிகாரிகளுக்கு ஒன்று. அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்று. அதன் பெயரே 'சபார்டினேட்ஸ் கிளப்'. (பொழுதுபோக்கப் போனாலும் நீ கீழ்நிலை ஊழியன்தான் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள், பாருங்கள்.) காடு வெட்டி, கல் சுமந்த கைதிகள் இந்த இரண்டு கணக்கிலும் வரவில்லை.

1941 ஜூனில் பெரிய நிலநடுக்கம். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். 2018-ல் தீவுக்கே நேதாஜி பெயர் வைத்தாயிற்று. இன்று கிளப்பில் மிஞ்சியிருப்பது மரவேர்கள் கவ்விய சுவர்கள்தான். தீவெங்கும் புள்ளிமான்கள் மேய்கின்றன.