நாணயக் குற்றிகளில் விலங்குருவம்: ஒரு வரலாற்று நோக்கு

நாணயம் கொடுக்கல் வாங்கலுக்குரிய கருவி மட்டுமன்று. ஆள்வோர் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினர் என்பதற்குச் சான்றுமாகும். ஈழத்து நாணயங்களில் இடம்பெற்ற விலங்குருவங்களை இக்கண்கொண்டு நோக்குவதே எமது முயற்சி.

இம்மரபு மிகத் தொன்மையானது. பண்டைய ஈழத்துக் காசுகளில் யானையும் சுவத்திகமும் காணப்படுகின்றன. யாழ்ப்பாண மன்னர் வெளியிட்ட காசுகள் படுத்திருக்கும் இடபத்தையும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லையும் தாங்கின. பின்வந்த ஆங்கிலேயரும் 1802இல் வெளியிட்ட செப்புக் குற்றிகளில் யானையையே பொறித்தனர். கண்டியரசு வீழ்ந்த 1815ஆம் ஆண்டுக்குரிய குற்றிகளில் ஒருபுறம் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் தலையும் மறுபுறம் யானையும் உள்ளன. ஆள்வோன் முகமும் ஆளப்பட்ட நாட்டின் விலங்கும் ஒரே செப்பின் இரு பக்கங்களாயின.

1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. ஆயினும் முடியுருவம் உடனே நீங்கவில்லை. 1957ஆம் ஆண்டைத் தாங்கிய 2 சதக் குற்றியில் எலிசபெத் அரசியின் தலையே உண்டு. அதே ஆண்டில், பௌத்தத்தின் 2500ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1 ரூபா, 5 ரூபா நினைவுக் குற்றிகள் வெளிவந்தன. இவற்றுள் 5 ரூபா வெள்ளியாலானது. அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லை நினைவூட்டும் வகையில், தாமரையைச் சூழ விலங்குகளும் பறவைகளும் இவற்றில் வட்டமாக அமைந்தன. 1963இல் வாளேந்திய சிங்கத்தைக் கொண்ட அரச இலச்சினை அரசியின் தலைக்குப் பதிலாயிற்று.

இக்குற்றிகள் நாவலப்பிட்டிக் கடைத்தெருவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் புழங்கியவையே. ஆனால் அவற்றைக் கூலியாகப் பெற்ற மலையகத் தமிழருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுமென விடப்பட்டது. நாட்டின் விலங்குக்கு நாணயத்தில் இடமிருந்த காலத்தில், அந்நாணயத்தை உழைத்துப் பெற்றவருக்கு நாட்டில் இடமில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

1979இல் மத்திய வங்கி வெளியிட்ட நாணயத் தாள்கள் இம்மரபை மேலும் விரித்தன. ஓவியர் லக்கி சேனநாயக்க வரைந்த அவ்வரிசையிற் தலைவர் உருவம் எதுவுமில்லை. மீனும் பறவையும் வண்ணத்துப்பூச்சியுமே இடம்பெற்றன. தோட்டத் தமிழரில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டமோ 2003இலேயே நிறைவேறிற்று. நாணயத்தின் இரு பக்கங்களையும் படிப்போர் அதனைக் கொண்ட கையையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்; அன்றேல் வரலாறு முழுமை பெறாது.