இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்

சித்திரைப் புத்தாண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். சேர சோழ பாண்டியரைப் பற்றி எழுத எங்கட ஆட்களுக்குள் எத்தனையோ பேர் இருக்கினம். ஏ.எல். உடன் படிப்பை நிறுத்தி, மிசிசாகாவில் தொழிற்சாலை வேலை செய்கிற நான் எழுத நினைத்தது ராசாக்களைப் பற்றி அல்ல. நடக்க முடியாமற் போனவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தாதியரைப் பற்றி.

முள்ளந்தண்டு முறிவு எங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை. ஊரில் பனையால் விழுந்த சீவல் தொழிலாளிகள் இருந்தார்கள். பிறகு செல்லடியும் குண்டுவீச்சும் வந்தன. 2009 வரைக்கும் எத்தனை இளம் பிள்ளைகள் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து போனார்கள்! இங்கே வந்த பிறகும் ஹைவே விபத்து, கூரை வேலையில் விழுந்தது என்று கேள்விப்படுகிறோம். "இனி என்ன, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிற வழக்கமும் எங்களிடம் உண்டு.

ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய வைத்தியசாலைகளும் இதையேதான் சொல்லின. முதலாம் உலகப்போரில் (1914-1918) முள்ளந்தண்டில் காயப்பட்ட போர்வீரர்களில் பெரும்பாலானோர் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. அவர்களில் அநேகரின் உயிரை எடுத்தவை இரண்டு: ஒன்று படுக்கைப்புண், மற்றது சலத்தொற்று.

படுக்கைப்புண் எப்படி வருகிறது? நாங்கள் நித்திரையிலும் எங்களை அறியாமலே புரண்டு படுக்கிறோம். உணர்விழந்த உடம்பு புரளாது. நோவு என்று சொல்லவும் மாட்டாது. இடுப்பெலும்பும் குதிக்காலும் கட்டிலில் அழுந்த, அந்த இடத்துக்கு இரத்தம் போகாது. சில மணித்தியாலத்திலேயே தோல் சாகத் தொடங்கும். பிறகு புண் எலும்பு வரைக்கும் போகும், கிருமி இரத்தத்தில் ஏறும். சலம் தானாகப் போகாமல் தேங்கினால் தொற்று சிறுநீரகம் வரைக்கும் போகும். இப்படித்தான் ஆட்கள் செத்தார்கள்.

இதை மாற்றிக் காட்டியவர்களில் முக்கியமானவர் எங்களைப் போல ஒரு அகதி. பெயர் லுட்விக் குட்மன். ஜேர்மனியில் பேர்போன நரம்பு வைத்தியர். யூதர் என்றபடியால் ஹிட்லரின் ஆட்சியில் இருந்த பதவியை இழந்து, 1939இல் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். 1944 பெப்ரவரியில் ஸ்ரோக் மண்டவில் என்ற இடத்தில் முள்ளந்தண்டுக் காயக்காரருக்கான பிரிவு ஒன்றை அவரிடம் ஒப்படைத்தார்கள். அது சாகப்போகிறவர்களை வைத்திருக்கிற இடம் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

அவர் போட்ட முதல் சட்டம் மிகவும் சின்னது. ஒவ்வொருவரையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பிரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலிலும்தான், இரவிலும்தான். நடு இரவில் தானே வந்து, பிரட்டினார்களா என்று பார்ப்பாராம். பென்சிலின் போன்ற புது மருந்துகளும் அந்தக் காலத்தில் உதவின, உண்மை. ஆனால் எந்த மருந்தும் ஒரு மனிதனைப் பிரட்டிப் படுக்க வைக்காது. அதற்குக் கை வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 தரம், ஒரு மாதத்துக்கு 360 தரம். தாதியரும் உதவியாளரும் இதைச் செய்தார்கள். தோலைத் துடைத்துப் பார்த்தார்கள், சலத்தைச் சுத்தமாக எடுத்தார்கள். சாகப்போகிறான் என்றவன் எழும்பி இருந்தான். இப்போது விசேட மெத்தைகள் உண்டு, ஆளைப் பார்த்து நேரத்தையும் மாற்றுகிறார்கள். ஆனாலும் அடிப்படை அதுவேதான்.

இதே காலத்தில் எங்கட ரொறன்ரோவிலும் ஒரு வேலை நடந்தது. ஹமில்ரன் படைப்பிரிவைச் சேர்ந்த ஜோன் கவுன்செல் என்ற அதிகாரி 1942இல் டியெப் தாக்குதலில் காயப்பட்டு நடக்க முடியாமற் போனவர். காயப்பட்ட வீரர்களுக்கு மடக்கக்கூடிய, தாங்களே உருட்டிப் போகக்கூடிய சக்கர நாற்காலி வேண்டுமென்று அரசாங்கத்தோடு வாதாடினார். 1945இல் கசா லோமாவுக்குக் கிட்ட ஒரு பெரிய வீட்டில் லிண்ட்ஹர்ஸ்ட் லொட்ஜ் என்ற புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதே வருடம் கவுன்செலும் தோழர்களும் கனடிய முள்ளந்தண்டுப் பாதிப்புற்றோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். லிண்ட்ஹர்ஸ்ட் பிறகு லீசைட் பக்கம் இடம் மாறி, ரொறன்ரோ றீஹப்போடு சேர்ந்துவிட்டது.

குட்மன் 1948இல் தன் நோயாளிகளுக்கு ஒரு அம்பெய்யும் போட்டி வைத்தார். போட்டியிட்டவர்கள் 16 பேர். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பராலிம்பிக். 1976இல் அந்த விளையாட்டு மிசிசாகாவுக்குப் பக்கத்திலே, எற்றோபிக்கோ செண்டெனியல் பார்க்கில் நடந்தது. கோடையில் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற அதே பார்க்தான்!

எங்கட பக்கத்துக் கதை வேலூரில் இருக்கிறது. ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் வைத்தியசாலையில் 1909இலேயே தாதியர் பயிற்சி ஆரம்பமாகியது. 1954 ஜனவரியில் அங்கே வேலை செய்த இளம் டொக்டர் மேரி வர்கீஸ் வாகன விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து நடக்க முடியாமற் போனார். தான் வேலை செய்த வைத்தியசாலையிலேயே நோயாளியாகக் கிடந்தார். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே குட்டநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவுஸ்திரேலியாவிலும் நியூயோர்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணம். அங்கே நோயாளியின் தாயும் மனைவியும் சகோதரமும் பக்கத்தில் நின்று பிரட்டிப் படுக்க வைக்கவும், தோலைப் பார்க்கவும், சலம் எடுக்கவும் பழகுகிறார்கள். ஏனென்றால் ஊருக்குப் போன பிறகு தாதி இல்லை. வீட்டு ஆள்தான் தாதி.

என்னோடு வேலை செய்த ஒரு அண்ணை கார் விபத்துக்குப் பிறகு பல மாதம் புனர்வாழ்வில் இருந்தவர். அவர் எனக்குச் சொன்னது: "தம்பி, எனக்குக் கால் இருக்கிறதே தெரியாது. ஆனா அந்தப் பிலிப்பீன்ஸ் நேர்ஸ் என்ரை காலைத் தூக்க முன்னம் ஒவ்வொரு தரமும், இப்ப தூக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் தூக்குவா. அப்பதான் அது என்ரை கால் எண்டு எனக்கு நினைவு வரும்." கருணை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்றைக்கு ரொறன்ரோவின் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் எங்கட பெண்கள் எத்தனையோ பேர் நேர்ஸாகவும் பி.எஸ்.டபிள்யூ. ஆகவும் இரவு வேலை செய்கினம். காலமை ஆறு மணிக்கு பஸ் தரிப்பில் பார்த்திருப்பீர்கள். கலியாண வீட்டில் மட்டும் "பிள்ளை டொக்டருக்குப் படிக்கேல்லையோ?" என்று கேட்போம். இது சரியா? டொக்டர் காலமை ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போவார். இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் வந்து பிரட்டிப் படுக்க வைக்கிற ஆள் இல்லாவிட்டால், அவர் செய்த ஒப்பரேசனும் வீண்தான்.

வன்னியில் இன்னும் கட்டிலோடு இருக்கிற எங்கட உறவுகளுக்கு நாங்கள் காசு அனுப்புகிறோம். நல்லது. ஆனால் காசோடு சேர்த்து, பக்கத்தில் நின்று பராமரிக்கிற அந்தத் தாய்க்கும் சகோதரிக்கும் ஒரு பயிற்சி, ஒரு நல்ல மெத்தை, அவர்களும் கொஞ்சம் நித்திரை கொள்ள ஒரு மாற்று ஆள், இவற்றையும் யோசிக்க வேண்டும். பிரட்டுகிற கை களைத்துப் போனால், படுத்திருப்பவரின் உயிருக்கும் ஆபத்து.

உறவுகள் அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள். வருடப்பிறப்பு அன்றும் இரவு வேலைக்குப் போகிற தாதியருக்கும் பி.எஸ்.டபிள்யூ. சகோதரிகளுக்கும் தனியாக ஒரு வணக்கம்.